குருதிநீர் காட்டிய காய்ச்சல்

உடலிலிருந்து எடுத்த நீரைச் சோதித்து நோயைத் துணியும் கலை, இன்று நுரையீரலைச் சூழ்ந்து தேங்கும் நீரிலே புற்றணுவைத் தேடிக் காணும் அளவுக்கு வளர்ந்துள்ளது. அக்கலையின் வரலாற்றிலே சிலாங்கூர்த் தோட்டப்புறத்திற்கும் ஓர் இடம் உண்டென்பதை நம்மவருள் பலர் அறியார்.

1917ஆம் ஆண்டில் ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்ப் பனையை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். தோட்டத்தின் பெயரோ தென்னை; அதற்குப் புகழ் தந்ததோ ஆப்பிரிக்கப் பனை! அப்பனை பல தோட்டங்களுக்கும் பரவிற்று. பனங்குலையை நாடி எலிகள் பெருகின. எலியைப் பற்றி வாழும் கண்ணுக்கெட்டாச் சிற்றுண்ணியின் குஞ்சு, லாலாங் புல்லிடையே வேலை செய்வோரையும் கடித்தது.

தோட்டத்தில் காய்ச்சலென்றால் அந்நாளில் மலேரியா, மருந்தென்றால் கொய்னா. ஆனால் சிலருக்குக் கொய்னா கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. குருதியை உருப்பெருக்கியில் பார்த்தால் மலேரியாக் கிருமியும் இல்லை. பிணியின் பெயர் தெரியாமலே மாண்டவர் எத்தனை பேரோ!

1900இல் நிறுவப்பெற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1920களின் நடுவே ஃபிளெச்சர், லெஸ்லர் ஆகிய இருவர் இதனை ஆராயத் தொடங்கினர். 1916இல் வைல், ஃபெலிக்ஸ் என்போர் ஐரோப்பாவில் கண்ட சோதனையே அவர்கள் கைக்கொண்ட கருவி. நோயாளியின் குருதியை உறையவிட்டு, மேலே தெளியும் நீரை எடுத்து, புரோட்டியஸ் என்னும் நுண்ணுயிர் மிதக்கும் குழம்பில் கலப்பர். டைபஸ் நோயாயின் நுண்ணுயிர்கள் திரள் திரளாய் ஒட்டிப் படியும். விந்தை யாதெனில், புரோட்டியஸ் அந்நோய்க்குக் காரணமே அன்று. உண்மைக் கிருமியோடு அதற்குள்ள ஒப்புமையே குருதிநீரை மயக்குகிறது.

கழகத்தில் புரோட்டியஸ் வித்துகள் இரண்டு இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது. மற்றொன்று 1921இல் கிங்ஸ்பரி என்னும் மருத்துவர் இலண்டனிலிருந்து கொணர்ந்தது. இரண்டும் ஒன்றென்றே எண்ணியிருந்தனர். நகர்ப்புற நோயாளரின் குருதிநீர் வார்சா வித்தைத் திரட்டிற்று. தோட்டத் தொழிலாளரின் குருதிநீரோ கிங்ஸ்பரி வித்தை மட்டுமே திரட்டிற்று. ஒரு நோயென நினைத்தது இரண்டாயிற்று. வேறொரு வித்து வந்திருந்தால் தோட்டத்து நோய் இன்னும் நெடுங்காலம் மறைந்தே கிடந்திருக்கும். ஓ. எக்ஸ். கே. என்று உலக ஆய்வுக்கூடங்கள் வழங்கும் பெயரில் உள்ள ‘கே’ கிங்ஸ்பரியின் தலையெழுத்தே.

சப்பானின் சுசுகாமுசிக் காய்ச்சலும் இதுவும் ஒன்றா என்னும் ஐயம் பின்னும் நீடித்தது. சப்பானில் கடிவாயில் கரும்புண் தோன்றும். நம் தோட்டத் தொழிலாளரிடம் அது பெரும்பாலும் காணப்படவில்லை. லூத்வெய்ட்டும் அவருடன் உழைத்த இந்தியரான சவூரும் 1930களில் செய்த ஆய்வுகள் இரண்டும் ஒன்றே என நிறுவின.

மருந்து கிடைத்தது 1948இல். அமெரிக்கரான ஸ்மேடல் குழுவினர் குளோரோமைசெட்டினைக் கோலாலம்பூருக்குக் கொணர்ந்து நோயாளருக்குக் கொடுத்தனர். காய்ச்சல் விரைவில் தணிந்தது. இந்நோயென்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவருள், சோதனையில் டைபாய்டு நோயாளர் என்று பின்னர்த் தெரியவந்தோரும் இருந்தனர். அவர்களும் தேறினர். டைபாய்டுக்கு முதல் நன்மருந்து கிடைத்தது இவ்வாறே.