செஞ்சிப் புதரும் வெள்ளிமலைப் புனமும்



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மராட்டியப் படைத்தளங்கள் என்று சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். அதிலிருந்து வெள்ளிமலையில் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அங்கே போய்வந்து படம் அனுப்புகிறார்கள். மகிழ்ச்சி. "ராஜகிரி அடிவாரம் பூராவும் புதர் சார், வெட்டிவிட்டுப் பூங்கா ஆக்கக் கூடாதா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

திருக்குறளில் அரண் அதிகாரத்தைப் படித்தது நினைவிருக்கிறதா? நீர், வெட்டவெளி, மலை, காடு நான்கும் இருந்தால்தான் அரண் என்கிறார் வள்ளுவர். பாளையக்காரர்களும் கோட்டையைச் சுற்றி முட்காட்டை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். பீரங்கியை இழுத்து வருபவனுக்கு மதிலைவிட அதுதான் தொல்லை. செஞ்சியை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. காலப்போக்கில் அதன் படை முக்கியத்துவம் போய்விட்டது. ஆள் போன இடத்தில் செடி வரும். ஆடு மேய்ந்து, விறகு வெட்டி, மிஞ்சியதுதான் இன்று நிற்பது. சூரை, காரை, களா, ஆவாரை எல்லாம் நம் கண்ணுக்கு ஒன்றுபோலப் புதர்தான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மண் எத்தனை காலம் சும்மா கிடந்தது என்பதற்கு ஓர் அடையாளம்.

இதை வகைப்படுத்த முயன்றவர்கள் இரண்டு வழியில் போனார்கள். ஆங்கிலேய வன அதிகாரி சாம்பியன் 1936இல் இந்தியக் காடுகளை வகை பிரித்தார். 1968இல் சேத் என்பவருடன் சேர்ந்து அதைத் திருத்தி வெளியிட்டார். காடுகள் 16 பெரும் வகை. அதில் புதர்க்காட்டின் குறியீட்டில் 'டி.எஸ்.' என்று இருக்கும், அதாவது சீரழிந்த நிலை. பெயரிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று!

இன்னொரு வழி நம் பக்கத்துப் புதுச்சேரியில் உருவானது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் கோசன், லெகிரி முதலியோர் தாவர வரைபடங்கள் தயாரித்தார்கள். ஈரமான இடத்துக்கு நீலம், வறண்ட இடத்துக்குச் சிவப்புச் சாயல். அவர்கள் 'தொடர்' என்ற கருத்தை வைத்தார்கள்: தரிசு, புதர், குறுங்காடு, முழுக்காடு எல்லாம் ஒரே தொடரின் படிகள். இன்றைய புதர் விட்டால் மேலே ஏறும், வெட்டினால் கீழே இறங்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒரு குறை, அளவு. 1 மில்லிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்ற கணக்கில் செஞ்சியின் மூன்று மலையும் ஓர் அரிசிக்குள் அடங்கிவிடும். இப்போது செயற்கைக்கோள் படம் வந்துவிட்டது. ஆனால் இந்திய வன அளவைத் துறை, மர நிழல் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வன நிலத்தைப் புதர் என்று ஒரே பெயரில் போட்டுவிடுகிறது.

செஞ்சியோடு முடிந்தால் பரவாயில்லை. கல்வராயன் மலைக்கும் இதே பேச்சுத்தான். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. புனக்காடு வெட்டி, சாமையும் தினையும் விதைத்து, மண் அலுத்ததும் சில வருடம் விட்டுவிடுவது நம் முன்னோர் வழக்கம். விட்ட புனத்தில் விராலியும் ஆவாரையும் ஏறும். உழவனுக்கு அது ஓய்விலிருக்கும் நிலம். வரைபடத்துக்கு அது புதர். 2006 வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பு நிலம் அனுபவத்தில் இருந்ததா என்று கேட்கிறது. அந்த வருடம் ஓய்வில் கிடந்த புனம் மேலிருந்து எடுத்த படத்தில் எப்படித் தெரியும், யோசியுங்கள்.

அதனால் பிள்ளைகளே, மதில் இடுக்கில் வேர்விட்டதை எடுக்கத்தான் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடியையும் எடுக்கலாம். மற்றதை வெட்டுமுன் எந்தத் துண்டில் என்ன செடி, அங்கே முன்பு குளமா, வயலா, காவல்காடா என்று பெரிய அளவில் வரைந்து பார்க்கட்டும்.

கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: விட்ட புனத்தில் முதல் வருடம் எது முளைக்கும், மூன்றாம் வருடம் எது, பத்தாம் வருடம் எது? மலையில் வழங்கும் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் தொகுத்து வருகிறேன்.