உரக்கக் கேட்பதும் புரியக் கேட்பதும்: காது கேட்கும் கருவியின் வளர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

காது மந்தமானவர்களின் முறையீடுகளில் இரண்டு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். “சத்தம் கேட்கிறது, பேச்சுத்தான் புரியவில்லை” என்பது ஒன்று. “கொஞ்சம் உரக்கச் சொல்” என்று கேட்டுவிட்டு, குரல் உயர்ந்ததும் “ஏன் இப்படிக் கத்துகிறாய்?” என்று சினப்பது மற்றொன்று. வீட்டார் இதை முதுமையின் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் மூலம் உட்செவியில் நேர்ந்த ஒரே பழுதுதான். காது கேட்கும் கருவியின் வரலாற்றை மின்னணுவியலின் கிளைக்கதையாகச் சொல்வதே வழக்கம். இந்த இரு முறையீடுகளுக்கும் கருவி எப்போது விடை சொல்லத் தொடங்கியது என்று கேட்டுப் படித்தால் வேறொரு காலவரிசை கிடைக்கிறது.

தொடக்ககாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீத்தோவனுக்கு யோஹான் மெல்ட்செல் செய்துகொடுத்த செவிக்குழல்கள் அகன்ற வாயில் ஒலியைத் திரட்டிக் காதுக்குள் செலுத்தின, அவ்வளவே. 1898இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் கார்பன் ஒலிவாங்கியும் பேட்டரியும் கொண்ட மின்கருவியைச் செய்தார். 1920களில் வெற்றிடக் குழாய்கள் வந்தன. சத்தம் கூடிக்கொண்டே போனது. தெளிவு அந்த வேகத்தில் கூடவில்லை.

விவாதம் சூடுபிடித்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். பென்சில்வேனியாவின் டெஷான் ராணுவ மருத்துவமனையில் செவித்திறன் இழந்த படைவீரர்களிடையே பணியாற்றிய ரேமண்ட் கார்ஹார்ட், ஒவ்வொருவருக்கும் பல கருவிகளை மாட்டிப் பேச்சுச் சோதனை நடத்திப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1946இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஹாலோவெல் டேவிஸ் உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வுக்குழு நேரெதிர் முடிவை அறிவித்தது. ஆளுக்கொரு தேர்வு தேவையில்லை. எல்லா அதிர்வெண்களையும் சமமாகவோ, மேலே போகப்போகச் சற்றே கூட்டியோ பெருக்கும் கருவி ஏறக்குறைய அனைவருக்கும் போதும் என்றது. 1947இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இதையொட்டிய முடிவுக்கே வந்தது. அதன் வழிகாட்டலில் உருவான மெட்ரெஸ்கோ கருவியை, 1948 ஜூலையில் தொடங்கிய தேசிய சுகாதார சேவை மக்களுக்கு இலவசமாக வழங்கியது. வடிவம் ஒன்றே என்பதால்தான் அத்தனை பேருக்குச் செய்துகொடுக்க முடிந்தது. ஹார்வர்டு முடிவை இன்று எள்ளி நகையாடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. கார்ஹார்ட்டின் முறையும் பழுதற்றதன்று. 1960இல் ஷோர், பில்ஜர், ஹிர்ஷ் ஆகியோர் ஒரே ஆளிடம் சோதனைகளைத் திரும்பத் திரும்ப நடத்தியபோது, கருவிகளைத் தரம்பிரிக்கும் அளவுக்கு முடிவுகள் நிலையாக இல்லை. இரு தரப்பும் கருவியைத்தான் அளந்தன. உட்செவியில் எது கெட்டது என்பது அன்று யாருக்கும் தெளிவாகவில்லை.

இதற்கிடையில் கருவி சிறுத்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகம், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாகக் காது கருவிகளுக்கு மட்டும் உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தது. 1952இன் இறுதியில் வந்த சோனோடோன் 1010, டிரான்சிஸ்டர் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் நுகர்பொருள்களில் ஒன்று. ஒருங்கிணைந்த மின்சுற்றைப் படைத்த ஜாக் கில்பி முன்பு காது கருவிகளுக்கான சுற்றுகளை வடிவமைத்தவர் என்பதையும் சொல்லிவைக்கலாம். ஆனால் இந்தச் சிறுத்தலுக்கு உந்துதல் பெரும்பாலும் மறைத்து அணியும் ஆசைதான். காதைப் பற்றிய புது அறிவு அதில் இல்லை.

அந்த அறிவு தனிவழியில் வந்தது. 1948இலேயே கேம்பிரிட்ஜில் தாமஸ் கோல்டு, உட்செவி வெறுமனே ஒலியை வாங்கிக்கொள்வதில்லை, தன் ஆற்றலைச் செலவிட்டுப் பெருக்குகிறது என்று வாதிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. இறந்தவர்களின் காதுகளை ஆராய்ந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசியின் விளக்கமே கோலோச்சியது. இறந்த காதில் பெருக்கம் எப்படித் தெரியும்? 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், காது தானே ஒலியைத் திருப்பி அனுப்புவதைப் பதிவுசெய்தார். 1985இல் வில்லியம் பிரவுனெலும் குழுவினரும், உட்செவியின் சுருள் உறுப்பான காக்ளியாவின் வெளிவரிசை மயிரணுக்கள் மின்தூண்டலில் நீண்டு சுருங்குவதைக் காட்டினர். பெருக்கி அதுதான். ஒரு காதில் சுமார் 12,000 இருக்கும் இவை அழிந்தால் மெல்லிய ஒலி விழாது. பலத்த ஒலிக்குப் பெருக்கி தேவைப்படாததால் அது முன்போலவே இடியாக விழும். கேட்கும் எல்லைக்கும் பொறுக்கும் எல்லைக்கும் நடுவே உள்ள வெளி குறுகிவிடுகிறது. பழுது பெரும்பாலும் உயர் அதிர்வெண் பகுதியில் தொடங்குவதால் உயிரொலிகள் தங்கி, மெய்யொலிகள் நழுவுகின்றன. ‘பத்து’ என்பதும் ‘பட்டு’ என்பதும் ஒன்றாகிவிடும்.

இதற்குரிய சிகிச்சை, காரணம் தெரியும் முன்பே கைக்கு வந்தது என்பதுதான் வியப்பு. ஒலிபெருக்கி வடிவமைப்பில் பெயர்பெற்ற எட்கர் வில்ச்சர், 1973இல் ஒலியைத் தாழ் அதிர்வெண், உயர் அதிர்வெண் எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கிக் காட்டினார். காப்புரிமை கோராமல் ஆய்வாகவே வெளியிட்டார். 1980களின் இறுதியில் இது விற்பனைக் கருவிகளுக்குள் நுழைந்தது. 1990களின் நடுவில் ஓட்டிகான், வைடெக்ஸ் நிறுவனங்களின் முழு டிஜிட்டல் கருவிகள் வந்தபின், அணிபவரின் செவித்திறன் வரைபடத்துக்கேற்ப ஒவ்வோர் அலைவரிசையையும் தனித்தனியே அமைக்க முடிந்தது. கார்ஹார்ட் கேட்ட தனிப்பொருத்தம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், அவர் நினைத்திராத வழியில் கைகூடியது.

பலன் எவ்வளவு? அமைதியான அறையில் உரையாட இன்றைய கருவி நன்றாகவே உதவுகிறது. கல்யாண மண்டபத்து இரைச்சலில், திசையறியும் ஒலிவாங்கிகள் இருந்தும், இன்னும் திணறுகிறது. ஒலிகளைப் பிரித்தறியும் நுட்பத்தை இழந்த உட்செவிக்குப் பெருக்கத்தால் அதைத் திருப்பித் தர முடியாது. கருவி நினைவாற்றலைக் காக்குமா என்ற கேள்விக்கு விடைதேடி, 70 முதல் 84 வயதுவரையுள்ள 977 பேரிடம் அமெரிக்காவில் மூன்றாண்டுகள் நடத்திய ஆய்வு 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. கருவி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே மொத்தத்தில் வேறுபாடு தென்படவில்லை. இதயநோய்க் கூறுகள் அதிகமிருந்த, அறிவாற்றல் சரிவுக்கான ஆபத்து கூடுதலான பிரிவினரிடம் மட்டும் அச்சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டாவது முடிவை மட்டுமே சொல்லும்.