நண்பகல் பேய்

போன வருடக் கடைசியில், பாதியில் நின்றுபோன ஒரு கட்டுரையை முடிப்பதற்காகக் கேமரன் மலையில் மூன்று நாள் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டில் இருந்தால் புலனக் குழுக்கள், முகநூல், யாரோ அனுப்பிய காணொளி, அதற்கு இன்னொருவர் போட்ட பதில். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கைப்பேசிதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அதனால் அதை அணைத்துக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். முதல் நாள் காலை பத்து மணி வரை நன்றாகத்தான் போனது. அப்புறம் தேநீர் போட்டேன். மூடுபனி விலகிவிட்டதா என்று சன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். மேசை ஆடுவதுபோல் பட்டது. காகிதத்தை மடித்து அதன் காலுக்கடியில் வைத்தேன். கீழே இறங்கிப் போய் அவித்த சோளம் வாங்கி வந்தேன். தானா ராத்தாவுக்குப் பதிலாகப் பிரிஞ்சாங் பக்கம் அறை எடுத்திருந்தால் இன்னும் அமைதியாக இருந்திருக்குமே என்று தோன்றியது. மூன்றாம் நாள் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு மலையிறங்கினேன். கட்டுரை ஒரு பத்திகூட வளரவில்லை.

கைப்பேசி காரில்தானே இருந்தது? அப்புறம் என்னைக் கலைத்தது எது?

இந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்த நாள்களில்தான் எவாக்ரியுஸை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். நான்காம் நூற்றாண்டு மனிதர். எகிப்தியப் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து 399இல் இறந்தவர். கவனச்சிதறலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவரை நான் இதற்கு முன் படித்ததில்லை.

எவாக்ரியுஸ் பிறந்தது இன்றைய துருக்கியின் வடபகுதியில், கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் நாட்டில், ஏறக்குறைய 345இல். படித்தவர், பேச்சாற்றல் உள்ளவர். கான்ஸ்டான்டிநோபிளில், பெரிய இறையியலாளரான நசியான்சுஸ் கிரகோரியாருக்குக் கீழே திருத்தொண்டராக இருந்தார். 381இல் அங்கே நடந்த பொதுச்சங்கத்தின் காலத்தில் அவருக்கு நல்ல பெயர். அங்கேதான் உயர் அதிகாரி ஒருவரின் மனைவி மீது காதல் வந்தது. இதை நமக்குச் சொல்பவர் அவருடைய மாணவர் பல்லாதியுஸ். கைதாகிச் சங்கிலியில் நிற்பதுபோல் ஒரு கனவு. கனவிலேயே, ஊரைவிட்டுப் போய்விடுகிறேன் என்று நற்செய்தி நூலின் மேல் சத்தியம் செய்கிறார். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தானே என்று கப்பலேறி எருசலேமுக்குப் போய்விட்டார். அங்கேயும் பழைய பகட்டு விடவில்லை. மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவரிடம், மெலானியா என்ற செல்வச் சீமாட்டி (அவரும் துறவிதான்) விசாரித்து உண்மையை வாங்கினார். அவர் சொல்லித்தான் எவாக்ரியுஸ் எகிப்துக்குப் போனார். நீத்ரியாவில் இரண்டு ஆண்டு, அதற்கும் உள்ளே தள்ளி இருந்த கெல்லியாவில் பதினான்கு ஆண்டு. கெல்லியா என்றால் கிரேக்கத்தில் ‘அறைகள்’ என்றுதான் அர்த்தம்.

இந்தப் பாலைவனத்தை ஆளில்லாத மணற்காடு என்று கற்பனை செய்துகொள்ளக் கூடாது. நீத்ரியாவில் ஐயாயிரம் பேர் இருந்ததாகவும், ஏழு ரொட்டி அடுப்பங்கடைகள் அவர்களுக்கும் உள்பாலையில் தனித்திருந்த அறுநூறு பேருக்கும் ரொட்டி சுட்டதாகவும் பல்லாதியுஸ் எழுதுகிறார். வாரநாள்களில் தனி அறை. சனி ஞாயிறு கூட்டு வழிபாடு. ஆளுக்கொரு கைத்தொழில். பெரும்பாலோர் பேரீச்ச ஓலையில் கூடை முடைந்தார்கள், கயிறு திரித்தார்கள். எவாக்ரியுஸுக்குக் கையெழுத்து அழகு. புத்தகங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்து, வருடச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கூலி வாங்கினார்.

மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்பது அவர் கணக்கு: பெருந்தீனி, காமம், பணத்தாசை, துயரம், கோபம், அகேடியா, வீண்பெருமை, அகந்தை. ஓர் இடத்தில் எண்ணம் என்பார், இன்னோர் இடத்தில் அதையே பேய் என்பார். இந்த எட்டில் ஆறாவது இருக்கிறதே, அதைத்தான் எல்லாவற்றிலும் கனமானது என்கிறார். கிரேக்கத்தில் அகேடியா என்றால் அக்கறை அற்றுப்போதல். அதற்கு அவர் வைத்த இன்னொரு பெயர் நண்பகல் பேய். விவிலியத்தின் 91ஆம் திருப்பாடலிலிருந்து எடுத்தது. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் நடுப்பகலில் வரும் அழிவு என்ற பொருள்தான் உண்டு. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அங்கே ஒரு பேயைக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் தமிழ் விவிலியங்கள் எபிரேயத்தைப் பின்பற்றுவதால், தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்தப் பேயைத் தெரிய வழியில்லை.

பேய் வரும் நேரத்தைக்கூடக் குறித்திருக்கிறார். நான்காம் மணியிலிருந்து எட்டாம் மணிவரை. நம் கணக்குக்குக் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு. துறவிகள் சாப்பிடுவதோ ஒன்பதாம் மணிக்கு, அதாவது மூன்று மணிக்குத்தான். அது வந்ததும் சூரியன் நகர மறுக்கிறது. பகல் ஐம்பது மணிநேரம் நீண்டுவிட்டதுபோல் இருக்கிறது. துறவி சன்னலைச் சன்னலைப் பார்க்கிறார். வெளியே வந்து, ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். யாராவது சகோதரர் இந்தப் பக்கம் வருகிறாரா? வரவில்லை. பார்த்தாயா, இங்கே யாருக்கும் யார் மேலும் அன்பில்லை என்கிறது பேய். அண்மையில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதைச் சரியாக எடுத்து முன்னால் வைக்கிறது. இந்த இடம் உனக்குச் சரிப்படாது. இன்னோர் இடத்தில் இதைவிட லேசான தொழில் கிடைக்கும். கடவுளை வணங்க இடமா முக்கியம்? கடைசியில் வீட்டு நினைவு. இன்னும் எத்தனை வருடம் இப்படியே இருக்கப்போகிறாய் என்ற கேள்வி.

பிரிஞ்சாங் பக்கம் அறை எடுத்திருக்கலாமே என்று எனக்குள் பேசியது யார் என்று புரிந்தது.

எட்டுத் தீய ஆவிகளைப் பற்றிய அவருடைய இன்னொரு நூலில், அகேடியா பிடித்தவர் புத்தகம் வாசிக்கும் காட்சி வருகிறது. கொட்டாவி விடுகிறார். கண்ணைக் கசக்குகிறார், கைகளை நீட்டி முறிக்கிறார். பார்வையைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சுவரில் வைக்கிறார். திரும்பவும் கொஞ்சம் வாசிக்கிறார். கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, இன்னும் எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணுகிறார். எழுத்து சரியில்லை, அலங்காரம் சரியில்லை என்று குறை சொல்கிறார். பிறகு புத்தகத்தை மூடித் தலைக்கடியில் வைத்துத் தூங்கிவிடுகிறார். அதுவும் ஆழ்ந்த தூக்கமில்லை, பசி எழுப்பிவிடுகிறது. இதை எழுதியவரின் தொழிலே பிரதி எடுப்பது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த இடம் இன்னும் சுவைக்கும். ராவும் பகலும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால், வாசிக்கிறவன் கையெழுத்தைக் குறை சொல்லித் தலையணையாக வைத்துக்கொள்கிறான்! அல்லது அந்த வாசகரே எவாக்ரியுஸ்தானோ என்னவோ.

இன்னொரு நுட்பமும் சொல்கிறார். அகேடியா நல்ல காரியத்தின் வேடத்திலும் வரும். நோயாளியைப் பார்க்கப் போக வேண்டும் என்று திடீரென்று தோன்றும். போவது உண்மையில் நோயாளிக்காக அல்ல, அறையிலிருந்து தப்பிக்க. நம்ம புலனக் குழுக்களில் காலை பதினொரு மணிக்குப் பறக்கும் மருத்துவக் குறிப்புகளையும் பொதுநலப் பகிர்வுகளையும் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அனுப்புகிறவர்களில் நானும் உண்டு.

இந்த மனிதரை யாராவது சோம்பேறி என்று சொல்வார்களா? ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லையே! ஆனால் வரலாறு அப்படித்தான் சொல்லிவிட்டது. எவாக்ரியுஸின் எட்டை லத்தீன் உலகுக்குக் கொண்டுபோனவர் யோவான் காசியான். எகிப்தில் துறவிகளோடு இருந்துவிட்டுப் பிறகு மார்செயில் மடம் அமைத்தவர். அகேடியாவைப் பற்றி எழுதும்போது, உழைக்காமல் இருப்பதன் கேட்டையே அவர் அதிகம் அழுத்தினார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் பட்டியலைத் திருத்தி ஏழாக்கியபோது அகேடியாவைத் துயரத்துக்குள் கரைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் துயரத்தை எடுத்துவிட்டு அகேடியாவை மறுபடி உட்கார வைத்தார்கள். அது ஐரோப்பிய மொழிகளுக்குள் இறங்கும்போது வெறும் சோம்பலாகிவிட்டது. இங்கே தேவாலயங்களில் மறைக்கல்வி படித்தவர்களுக்குத் ‘தலையான பாவங்கள் ஏழு’ மனப்பாடமாக இருக்கும். அதில் சோம்பல் என்று வருவது இந்தப் பேய்தான். வள்ளுவரின் ‘மடியின்மை’ அதிகாரத்தையும் நாம் அந்தச் சொல்லை வைத்தே பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். மடி வேறு, இது வேறு என்றே எனக்குப் படுகிறது. மடி படுத்துக் கிடக்கும். இது ஓடிக்கொண்டே இருக்கும்.

சொல் மாறியதில் ஒரு நட்டம் இருக்கிறது. சோம்பல் என்றால் மருந்து உழைப்பு. எழுந்திரு, இன்னும் கொஞ்சம் ஓடு. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

பாலைவனத்தில் சொல்லப்பட்ட மருந்துகள் வேறு மாதிரி. முதல் கதை வனத்து அந்தோணியாருடையது. குழந்தை இயேசுவைக் கையில் வைத்திருக்கும் பதுவை அந்தோணியார் இல்லை, அவருக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் முந்தியவர். அகேடியா தாங்காமல் கடவுளிடம் முறையிட்ட அவர், தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதைக் கண்டார். அவர் எழுந்து செபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து பின்னுகிறார், மறுபடி எழுகிறார். அது வானதூதர். இப்படிச் செய், பிழைத்துக்கொள்வாய் என்பது செய்தி. அவ்வளவுதான் கதை. முதலில் படித்தபோது ‘இவ்வளவுதானா’ என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

சின்கிளேத்திகா என்ற பெண் துறவி கோழியைச் சொல்கிறார். அடைகாக்கும் பறவை முட்டையை விட்டு எழுந்து எழுந்து போனால் குஞ்சு பொரிக்காது, இடம் மாறிக்கொண்டே இருக்கும் துறவியும் அப்படித்தான் என்று. காசியானிடம் மோசே என்ற மூத்த துறவி சொன்னதோ தண்ணீரில் ஓடும் மாவு ஆலை. தண்ணீர் வரும்வரை கல் சுற்றத்தான் செய்யும், நிறுத்த முடியாது. ஆனால் கோதுமை போடுவதா பதரைப் போடுவதா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை கந்தசஷ்டி கவசம் சொல்லும்போது வாய் முருகனிடம் இருக்கும், மனம் மீன்கடையில் இருக்கும். அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். கல் சுற்றத்தான் செய்யும் என்று ஒருவர் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது.

எவாக்ரியுஸின் யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மனம் துவளும்போது ஆன்மாவை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒரு பாதி இன்னொரு பாதியைக் கண்ணீரோடு தேற்றட்டும் என்கிறார். ‘நெஞ்சே’ என்று கூப்பிட்டுப் பேசும் மரபில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன்னைத் தானே திட்டிக்கொள்வது எல்லாருக்கும் வரும். தேற்றுவது எத்தனை பேருக்கு வரும்?

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அறைகளில் குழந்தை அழவில்லை. படுத்த படுக்கையில் தாய் இல்லை. அறையிலேயே இரு, அறை எல்லாம் கற்றுத்தரும் என்பது பாலைவனத்தில் புகழ்பெற்ற அறிவுரை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குச் சமையலறை மேசையில் கதை எழுதும் பெண்ணிடம் போய் அதைச் சொன்னால் அடிக்க வருவார். அவரைக் கலைப்பது பேய் அல்ல, வீடு. அந்த வகையில் பின்னால் வந்த பெனெடிக்ட்டின் ஒழுங்குமுறை கொஞ்சம் நடைமுறை அறிந்தது. ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதப்பட்ட அதன் 48ஆம் அதிகாரம், வாசிக்கும் நேரம் எது, வேலை நேரம் எது என்று பிரித்துவிடுகிறது. தவக்காலத்தில் ஆளுக்கொரு புத்தகம். முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் மூத்தவர்கள் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வந்து, யாராவது அகேடியா பிடித்துப் புத்தகத்தை விட்டுவிட்டு அரட்டை அடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். மன உறுதியை மட்டும் நம்பி யாரையும் அவர்கள் தனியாக விடவில்லை.

காசியான் சொல்லும் இன்னொரு கதை என்னை விட்டுப் போகவில்லை. பவுல் என்று ஒரு துறவி. ஊரிலிருந்து ஏழு நாள் நடை தொலைவில் இருந்தார். கூடை முடைந்து விற்கலாம் என்றால் கூலியைவிட வண்டிச்சத்தம் அதிகம். சாப்பாட்டுக்குப் பேரீச்சையும் சின்னத் தோட்டமும் போதும். ஆனாலும் தினமும் ஓலை சேகரித்து, கணக்கு வைத்து, வேலை செய்தார். வருடம் முடியும்போது குகை நிறைந்துவிடும். எல்லாவற்றையும் தீ வைத்து எரித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்.

இதை நான் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. எழுதுகிறவனுக்கு யாராவது வாசிக்க வேண்டும். பதிவேற்றிய பத்தாவது நிமிடம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிற கை என்னுடையது. ஆனால் கேமரனில் நான் முடிக்க நினைத்த கட்டுரை யாருக்காக, எந்தப் பாராட்டுக்காக என்று யோசித்தால் பவுலின் குகை நினைவுக்கு வருகிறது. வந்ததும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எவாக்ரியுஸ் எழுதியதும் எரிந்துபோக வேண்டியதுதான். அவர் இறந்த அடுத்த ஆண்டே அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலுஸ், ஒரிஜனின் கருத்துகளைப் பின்பற்றியவர்கள் என்று நீத்ரியாத் துறவிகளை விரட்டினார். அறைகள் கொளுத்தப்பட்டன, புத்தகங்களும் சேர்ந்து எரிந்தன. 553இல் கூடிய பொதுச்சங்கத்தை ஒட்டி எவாக்ரியுஸின் பெயரும் கண்டனத்துக்குள்ளானது. அவருடைய நூல்கள் பல சிரியாக் மொழியிலும் ஆர்மீனிய மொழியிலும்தான் தப்பித்தன. கிரேக்கத்தில் தப்பித்தவற்றில் சில, நீலுஸ் என்ற வேறொருவர் பெயரை ஒட்டிக்கொண்டு பிழைத்தன. கொட்டாவி விடும் அந்த வாசகர் வரும் நூலும் அப்படித்தான் நூற்றாண்டுக் கணக்கில் மடம் மடமாகப் பிரதி எடுக்கப்பட்டது. பிரதி எடுத்தவர்களில் எத்தனை பேர், மிச்சத் தாள்களை எண்ணும் அந்த இடத்துக்கு வந்தபோது, எழுதுகோலை வைத்துவிட்டு இன்னும் எத்தனை தாள் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தார்களோ.