பஞ்சர் ஆன கதை

எதிர்பாராத தடங்கல் வந்தால் "பிளான் பஞ்சர் ஆயிருச்சு" என்கிறோம். டயருக்கான ஆங்கிலச் சொல் இதற்கு எப்படி வந்தது?

மாட்டுவண்டிக் காலத்திலும் தடங்கலுக்கான சொற்கள் வண்டியிலிருந்தே பிறந்தன. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டை, வண்டி குடை சாய்தல் இரண்டும் இன்றும் வழக்கில் உள்ளன. பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்று திருக்குறளும் உவமை சொல்கிறது.

1888-ல் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். பின்னர் சைக்கிளும் பஸ்ஸும் தமிழகத்துக்கு வந்தபோது பஞ்சர், பிரேக் டவுன் என்ற சொற்களும் கூடவே வந்தன. மின்சாரத்தோடு பியூஸ் வந்தது. நாளடைவில் இவை மனிதருக்கும் தாவின. சோர்ந்து போனவர் "பியூஸ் போன பல்பு" ஆனார்.

ராசிங்காபுரம் இருக்கும் போடி வட்டாரத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குத் தொழிலாளர்கள் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நடுவழியில் ஜீப் பஞ்சர் ஆனால் அன்றைய கூலிக்கே ஆபத்து.

எனவே இவற்றை வெறும் ஆங்கில மோகம் என்று ஒதுக்க முடியாது. வண்டியோடு வந்த சொற்கள், பட்ட பாட்டால் தமிழாகிவிட்டன.