பத்துப் பெயர்களில் இல்லாத மாகாணம்: 2021 சூப்பர் லீக்கும் சப்ரகமுவத் தோட்டங்களும்

2021 ஏப்ரலில் தொடங்கிய இலங்கையின் சூப்பர் லீக் உதைபந்தாட்டப் பருவத்தில் பத்துக் கழகங்கள் ஆடின. கொரோனாத் தொற்று அதை இடையில் நிறுத்தியது. பின்னர் பருவம் மீண்டும் தொடங்க, களுத்துறையின் புளூ ஸ்டார் கிண்ணத்தை வென்றது. 2022 ஏப்ரல் 5 அன்று அதே அணி கழகங்களுக்கான ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச் சுற்றில் நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என வீழ்த்தியது. ஒரு வாரம் கழித்து கொல்கத்தாவில் ஏடிகே மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. பருவத்தின் கதை இவ்வளவுதான். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அந்தப் பருவத்தின் அணிப் பட்டியல்.

பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். கொழும்பு எப்.சி., ரட்ணம், ரினோன் ஆகிய மூன்றும் கொழும்பு. புளூ ஸ்டார் களுத்துறை, ரெட் ஸ்டார்ஸ் பேருவளை. நியூ யங்ஸ் வென்னப்புவவைச் சேர்ந்தது, அப் கன்ட்ரி லயன்ஸ் நாவலப்பிட்டியைச் சேர்ந்தது. டிஃபெண்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ் என்ற பெயர்களில் ஆடியவை தரைப்படை, விமானப்படை, கடற்படை அணிகள். படை அணிகளை ஒதுக்கினால் மிஞ்சுவது ஏழு. அவற்றில் ஐந்து மேல் மாகாணம், ஒன்று வடமேல், ஒன்று மத்திய மாகாணம். உதைபந்தாட்டத்தை உயிராய் நேசிக்கும் வடக்கும் கிழக்கும் இல்லை. சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலையும் இரத்தினபுரியும் இல்லை. வடகிழக்கின் இன்மைக்குப் போரைக் காரணம் காட்டலாம். சப்ரகமுவத்துக்கு எதைக் காட்டுவது?

தோட்டங்களைப் பொறுத்தவரை ஆய்வுலகில் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கிறது. ஜமெய்க்காப் பொருளியலாளர் ஜோர்ஜ் பெக்ஃபோர்ட் 1972இல் வெளியிட்ட ‘பெர்சிஸ்டன்ட் பொவர்ட்டி’ நூலில் தோட்டத்தை ஒரு முழுமை நிறுவனமாகப் படித்தார். வேலை, குடியிருப்பு, கடன், அதிகாரம் எல்லாம் ஒரே வேலிக்குள் அடங்கும். உள்ளிருப்பவர்க்கு வெளியுலகத்தோடு சுயமான தொடர்பு இராது. இந்த வாசிப்பைப் பின்பற்றினால் நம் கேள்வி எளிதில் தீர்ந்துவிடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், பிறந்தவன் லயத்தில் ஆடுவான், நகரத்துக் கழகம் அவனை எட்டாது என்று முடித்துவிடலாம். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்ற அடுக்கை நேரில் அறிந்த எவருக்கும் பெக்ஃபோர்டின் சித்திரம் உடனே பிடிபடும். விடியலில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுப்பது முதல் மாலையில் கொழுந்து நிறுத்துவது வரை நிர்வாகத்தின் கண் படாத இடம் குறைவு. அவர் வலிமை அங்கேதான், பலவீனமும் அங்கேதான்.

உயர்மலைத் தேயிலையை வைத்துப் பார்த்தால் அந்த வேலி ஓரளவு தெரியும். சப்ரகமுவத்தில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் ரப்பர் மலையின் அடிவாரமே கிராமத்து வயல். வேலையின் தாளமும் வேறு. ரப்பர் பால் வெட்டுபவர் இருள் பிரியுமுன் மரத்தடிக்குப் போகிறார்; பால் சேர்த்துக் கொடுத்தால் பிற்பகல் பெரும்பாலும் அவருடையது. மழை நாளில் வெட்டே இல்லை. ஆட்டத்துக்கு நேரமில்லை என்ற வாதத்தைக் கொழுந்து மலைக்குச் சொல்லலாம், ரப்பர் மலைக்குச் சொல்ல முடியாது.

அரசியல் வரலாறும் பெக்ஃபோர்டுக்கு எதிராகவே நிற்கிறது. 1934–35 மலேரியாக் கொள்ளை நோயின்போது கேகாலைப் பக்கம் நிவாரணம் செய்த சூரியமல் இயக்கத்தாரில் ஒருவர் என்.எம். பெரேரா. 1936இல் ருவன்வெல்ல தொகுதியில் அவர் அரசுப் பேரவைக்குத் தெரிவானார். அவருடைய சமசமாஜக் கட்சி சில ஆண்டுகளிலேயே தோட்டத் தொழிற்சங்கத்திலும் இறங்கியது. வேலி அவ்வளவு இறுக்கமாக இருந்திருந்தால் இந்தப் போக்குவரத்து நடந்திராது. வேலியை இறுக்கியது பிறகு வந்த சட்டம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. தோட்டத்தின் இயல்பு என்று பெக்ஃபோர்ட் கருதியதில் பெரும்பகுதி இங்கே கொழும்பில் நிறைவேறிய சட்டங்களின் விளைவு.

இந்த இடத்தில் நாவலப்பிட்டி துணைக்கு வருகிறது. சுற்றிலும் தேயிலை மலைகளைக் கொண்ட ஊர் அது. தோட்டச் சூழலே தடை என்றால் அப் கன்ட்ரி லயன்ஸ் முதல் அடுக்குக்கு வந்திருக்கக் கூடாது. ஆனால் நாவலப்பிட்டி மலையகத்துப் பிரதான ரயில் பாதையில் அமைந்த நகரம். அதற்கு நகர மைதானமும் உண்டு. அணி கொழும்புக்கு ரயிலேறலாம், கொழும்பு அணி இங்கு வந்து சேரலாம்.

சப்ரகமுவத்துக்கும் ரயில் இருந்தது. களனிவெளிப் பாதையின் கிளை 1903இல் எட்டியாந்தோட்டையை எட்டியது. மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. ஓப்பநாயக்கப் பாதை 1976இல் நின்றது. பின்னர் அவிசாவளை வரைதான் மீண்டும் ரயில் ஓடியது. தேசிய முதன்மை லீக் தொடங்கிய 1985இல் இரத்தினபுரிக்கு ரயில் இல்லை. பஸ் இருந்தது உண்மைதான். ஆனால் பதினெட்டுப் பேர் கொண்ட அணி வாரந்தோறும் வாடகை வண்டியில் போய்வரும் செலவைத் தோட்டத்துச் சம்பளம் தாங்காது. ரயிலே தீர்மானித்தது என்று நிறுவ நேரடிச் சான்று மெலிதுதான். எனினும் வேலியை விட இது வலுவான விளக்கம்.

நிலமும் சேர்ந்தே எண்ணத்தக்கது. 1972இன் நிலச் சீர்திருத்தம், 1975இன் தேசியமயம், 1992இல் முகாமைத்துவத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது என மூன்று முறை உரிமையோ நிர்வாகமோ கைமாறியும் தோட்டத்து மைதானம் ஆடுபவர்க்குச் சொந்தமாகவில்லை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் கழக உரிம விதிகள் மைதான வசதி, நிர்வாகிகள், இளையோர் அணி, சட்டப் பதிவு, நிதிக்கணக்கு எல்லாவற்றையும் கேட்கின்றன. லயத்து இளைஞர் சங்கம் எந்த மைதானத்தைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுக்கும்?

இன்னொன்றை விட்டுவிட முடியாது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நடந்த வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். பல குடும்பங்கள் வன்னிப் பக்கம் இடம்பெயர்ந்தன. கழகம் என்பது தலைமுறை தலைமுறையாக ஆட்கள் ஒரே ஊரில் நிலைத்திருப்பதால் உருவாவது. மூத்தவர் ஆட, இளையவர் பார்த்துப் பழக, அடுத்தவர் காலணி கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி இங்கே அறுந்தது.

எந்தக் காரணம் எவ்வளவு கனமானது என்று பிரித்துச் சொல்வது கடினம். 1976, 1977, 1981, 1985 ஆகிய ஆண்டுகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. 2021ஐ முதல் தொழில்முறைப் பருவம் என்று கொள்வதா, 1985இல் தொடங்கிய வரிசையின் தொடர்ச்சி என்று கொள்வதா என்பதும் முடிவான விஷயமல்ல. முன்னதைக் கொண்டால் சப்ரகமுவத்தின் இன்மை உரிம விதியின் பக்கம் சாயும். பின்னதைக் கொண்டால் ரயிலையும் வன்முறையையும் நோக்கிச் சாயும். இக்கட்டுரை பின்னதையே தேர்கிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்ட லீக்குகளின் 1970களின் பதிவேடுகளில் தோட்டத்து அணிகளின் பெயர்கள் எந்த ஆண்டோடு நிற்கின்றன என்று பார்த்தால் இந்தத் தேர்வு சரியா என்பது தெரியும். 1976ஐ ஒட்டி மறைந்திருந்தால் ரயில்; 1977க்கோ 1981க்கோ பிறகு மறைந்திருந்தால் கலவரம்; 1985க்குப் பின்னும் தொடர்ந்திருந்தால் மேலே சொன்ன வாதம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும்.