வெள்ளலூர்ப் பானையும் உரோம வெள்ளிக்காசும்

கோயம்புத்தூரை அடுத்து, நொய்யலாற்றின் பக்கத்தே உள்ள ஊர் வெள்ளலூர். 1840-களின் தொடக்கத்தில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பானை வெளிப்பட்டது. அதனுள் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றில் வில்லோ புலியோ கயலோ பொறிக்கப்பெறவில்லை. உரோமப் பேரரசரின் தலையுருவும் இலத்தீன் எழுத்துகளுமே காணப்பட்டன. 1931-இல் அதே ஊரில் மீண்டும் உரோமக் காசுகள் பொன்னணிகளுடன் கிடைத்தன. பொள்ளாச்சியிலும் கரூரிலும் இத்தகைய புதையல்கள் உண்டு. உடுமலைப்பேட்டை வட்டத்துப் பூதிநத்தத்தில் மட்டும் ஏறத்தாழ 1,400 காசுகள்!

கடற்கரையினின்றும் இவ்வளவு தொலைவில் இக்காசுகள் வந்தது எவ்வாறு? முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கிச் சென்ற பெருவழி கொங்குநாட்டை ஊடறுத்துச் சென்றது. படியூரில் கடல்நீர் நிறமுடைய பெரில் என்னும் மணிக்கல் கிடைத்தது. அத்தகைய கற்களை அறுத்துத் தீட்டிய பட்டறைகள் கொடுமணலில் இருந்தமையை 1985-இல் தொடங்கிய அகழாய்வுகள் மெய்ப்பித்தன.

இப்புதையல்களில் இரண்டு பேரரசர்களின் காசுகளே மிகுதி. ஒருவர் அகஸ்டஸ். அவர் காசின் பின்புறத்தில் கேடயமும் வேலும் நடுவே இருக்க, இரு இளைஞர் நிற்பர். அவர்கள் கயஸ், லூசியஸ் என்னும் அவருடைய மகள்வயிற்றுப் பேரர்கள். தமக்குப்பின் அரசாள இவர்களையே அவர் மைந்தராக ஏற்றிருந்தார். ஆயின், லூசியஸ் கி.பி. 2-இலும் கயஸ் கி.பி. 4-இலும் மாண்டனர். பட்டம் காணாத அவ்விளவரசர்களின் உருவம் மட்டும் நொய்யற்கரைவரை வந்து சேர்ந்தது. மற்றவர் டைபீரியஸ். கி.பி. 14-இல் அரியணை ஏறியவர் அவரே. அவர் காசின் பின்புறத்தில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள். அவளை அவர் தாய் லிவியா என்று கொள்வோர் பலர்.

பின்வந்தோர் காசுகள் ஏன் அருகின? கி.பி. 64-இல் நீரோ மன்னன் நாணயத்தின் எடையைக் குறைத்தான். ஓர் உரோம இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் செய்தான். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. வாணிகமே நின்றுவிட்டது எனலாமோ எனின், அன்று. 1898-இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலில் நீரோவின் பொற்காசுகளும் அவனுக்குப் பின்வந்த வெஸ்பேசியனின் பொற்காசுகளும் உள்ளன. எனவே, கொங்கு வணிகர் வெள்ளியை நிறுத்துப் பார்த்தே வாங்கினர் என்பதும், பழைய நல்ல காசுகளையே யவனர் தேடிக் கொணர வேண்டியதாயிற்று என்பதும் என் கருத்து. வேறு விளக்கம் கூறுவாரும் உளர். இலத்தீன் எழுத்தைப் படிக்க அவ்வணிகருக்குத் தெரிந்திராது. தராசைப் படிக்க நன்கு தெரிந்திருந்தது.

கி.பி. 107-இல் டிராஜன் பேரரசன் தேய்ந்த பழங்காசுகளையெல்லாம் திரட்டி உருக்கச் செய்தான். உரோம நாட்டில் எஞ்சியிருந்த பல காசுகள் அவ்வுலையில் மறைந்தன. வெள்ளலூர்ப் பானையில் இருந்தவை தப்பின.