பாம்பன் கர்டர்களும் இரண்டு பழைய கேள்விகளும்

1964 புயலில் பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் மாவட்டத்திலேயே அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. டிசம்பர் 22-ம் தேதி இரவு போனது 653-ம் எண் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர். அது பாலத்தில் ஏறவே இல்லை. பாம்பனில் கிளம்பி, தீவுக்குள்ளேயே ஓடி, தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் இருந்த அந்த வண்டியில் யாரும் பிழைக்கவில்லை.

பாலத்துக்கு நடந்தது தனிக்கதை. அதே புயலில் 126 கர்டர்கள் தூண்களிலிருந்து கடலுக்குள் போயின. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் பகுதி மட்டும் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே இலக்கு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற 32 வயது இன்ஜினியர் இ.ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கிய அதே ஸ்ரீதரன்தான். புது கர்டர்கள் செய்து வரும்வரை காத்திருக்காமல், கடலடியில் கிடந்தவற்றை மீனவர்கள் காட்டிக் கொடுக்க, அவற்றைத் தூக்கியெடுத்துத் திரும்பத் தூண் மேல் வைத்ததுதான் அந்த வேகத்தின் ரகசியம்.

மேனேஜ்மென்ட் படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு அருமையான கேஸ் ஸ்டடி. ஆனால் எனக்கு வந்த சந்தேகம் வேறு. அவ்வளவு பெரிய புயலில் கடலுக்குள் விழுந்த இரும்பு வளைந்து நெளிந்து போயிருக்க வேண்டாமா? எடுத்துத் துடைத்து மறுபடி எப்படி வைத்தார்கள்?

இந்தக் கேள்வியோடு சிவில் படிக்கும் நண்பனிடம் போனேன். அவன் 'எலாஸ்டிசிட்டி அண்ட் பிளாஸ்டிசிட்டி' என்ற புத்தகத்தைக் கையில் கொடுத்தான். திறந்தால் பக்கத்துக்குப் பத்து சமன்பாடு! அவற்றை ஒதுக்கிவிட்டு முன்னுரைகளையும் வரலாற்றையும் மட்டும் துரத்திப் படித்ததில் கிடைத்ததுதான் இது. சிவில்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அந்த இரண்டு பாடங்களும் இரண்டு பழைய கேள்விகளிலிருந்து வந்தவை. முதல் கேள்வியைக் கேட்டவர் கலிலியோ. சுவரில் செருகிய ஒரு கட்டையின் நுனியில் எடையைத் தொங்கவிட்டால் அது எப்போது உடையும்? 1638-ல் வெளிவந்த தன் கடைசிப் புத்தகத்தில் இதற்குக் கணக்கு போட்டார். விடை சரியில்லை, ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இரண்டாவது கேள்வி ராபர்ட் ஹூக்குடையது. உடைவதை விடுங்கள், இழுத்தால் எவ்வளவு நீளும்? இழுக்கும் விசை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்கு என்று அவர் கண்டுபிடித்தார். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில், 1676-ல் அந்த வாக்கியத்தின் எழுத்துக்களை அகர வரிசையில் கலைத்துப் போட்டு அச்சிட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் விடையை அவிழ்த்தார். (காப்புரிமை வாங்க இப்படியும் ஒரு வழி!) பிளஸ் ஒன் இயற்பியலில் தகைவு, திரிபு, யங் குணகம் என்று படித்தது எல்லாம் இந்தக் கிளையில் வந்தவை.

பிறகு 1820-களில் பிரான்சில் நேவியரும் கோஷியும் இதை முழு கணிதமாக்கினார்கள். அதில் நேவியர் செய்த ஒரு தேர்வு பெரியது. பாலம் எப்போது உடையும் என்று இன்ஜினியர் பார்க்க வேண்டாம், அது தினசரி வேலையில் மீட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார். எல்லைக்குள் இருந்தால் சுமை நீங்கியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கலிலியோவின் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு ஹூக்கின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூறு வருடம் உலகத்தின் இரும்புப் பாலங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தன. 1911-ல் வேலை தொடங்கி 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பாம்பன் பாலமும் அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

கொஞ்சம் கணக்கு. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண எஃகுக்கு நெகிழ்வுப் புள்ளி, அதாவது இன்ஜினியர்கள் யீல்டு பாயின்ட் என்பது, சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். யங் குணகம் சுமார் 2 லட்சம். வகுத்துப் பார்த்தால் 0.00125. ஒரு மீட்டர் கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும் வரைதான் அது 'மீளும்' இரும்பு. அதற்கு மேல் இழுத்தால் திரும்பாது. ஆனால் உடனே அறுந்தும் விடாது! அதே எஃகு அறுவதற்கு முன் 20 சதவீதத்துக்கும் மேல் நீளும். அதாவது மீளும் நீட்சியைப் போல நூறு மடங்குக்கு மேல், மீளாத நீட்சி பாக்கி இருக்கிறது. எலாஸ்டிசிட்டி படிக்கிறவர்கள் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள்ளேயே வாழ்கிறார்கள். மீதிப் பெரிய நிலப்பரப்பு பிளாஸ்டிசிட்டியுடையது.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். கடலிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கும் நிலையில் ஒரு கர்டர் இருந்தது என்றால், அந்த எஃகு பெரிய அளவில் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் உலகத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம். இரும்பு தோற்கவில்லை. தூணுக்கும் கர்டருக்கும் நடுவிலிருந்த பிடிமானம்தான் தோற்றது. கர்டர் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு, நீளம் சுமார் 12 மீட்டர். இரண்டு தூண்களின் மேல் பலகை போல உட்கார்ந்திருக்கும். ரயில் மேலிருந்து அழுத்தும்போது அது அழகாகத் தாங்கும். அலை பக்கவாட்டில் தள்ளி, தண்ணீர் கீழிருந்து தூக்கினால்? அங்கே தகைவும் திரிபும் பேச ஒன்றுமில்லை. புத்தகத்தின் இரண்டு பாதியும் பதில் சொல்லாத கேள்வி அது. ஆனால் கழன்று விழுந்ததே பிறகு நல்லதாகவும் போயிற்று. பாலம் முழுவதும் ஒரே தொடராக இணைந்திருந்தால் ஒன்று இன்னொன்றை முறுக்கியிருக்கும், 46 நாள் கதை நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி பிளாஸ்டிசிட்டிக்கு வருவோம். உலோகம் திடமாக இருந்துகொண்டே 'ஒழுகும்' என்று சோதித்துக் காட்டியவர் ட்ரெஸ்கா, 1864-ல், பாரிஸில். (ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் நேவியர், கோஷியோடு இவர் பெயரும் உண்டு.) 1913-ல் வான் மீசஸ் ஒரு மேம்பட்ட விதி சொன்னார். இவையெல்லாம் உலோகம் எப்போது ஒழுகத் தொடங்கும் என்பதைப் பற்றியவை. கட்டடத்துக்கு இதனால் என்ன லாபம் என்று காட்டியவர் ஹங்கேரிக்காரர் காசின்சி. அவர் தன் முடிவுகளை வெளியிட்ட வருடம் 1914. பாம்பனில் முதல் ரயில் ஓடிய அதே வருடம்!

காசின்சி செய்த சோதனை எளிமையானது. இரு முனையும் சுவருக்குள் இறுகப் பிடித்த இரும்பு உத்திரம். மேலே சுமையை ஏற்றிக்கொண்டே போனார். எலாஸ்டிக் கணக்குப்படி முனைகளில்தான் முதலில் தகைவு எல்லையைத் தொடும். பழைய முறையில் அதோடு உத்திரம் 'முடிந்தது'. ஆனால் உண்மையில் உத்திரம் விழவில்லை. முனைகள் கதவின் கீல் மாதிரி சுழலத் தொடங்கின. அந்த இடங்கள் இனி கூடுதல் சுமை ஏற்க மாட்டோம் என்று சொல்ல, நடுப்பகுதி அதை வாங்கிக்கொண்டது. நடுவும் கீலாகி மூன்று கீல் சேர்ந்த பிறகுதான் விழுந்தது. ஐ வடிவ உத்திரத்துக்குக் கணக்குப் போட்டால், முதலில் நெகிழும் சுமையைவிட விழும் சுமை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கலிலியோவின் கேள்வி, எப்போது விழும் என்பது, 276 வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

ஆனால் பாம்பன் கர்டர் மாதிரி முனைகள் வெறுமனே உட்கார்ந்திருக்கும் உத்திரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. நடுவில் ஒரே ஒரு கீல் விழுந்தால் போதும், கதை முடிந்தது. உபரி பலம் 15 சதவீதம் அளவுக்குத்தான். சுமையைப் பங்கு போட பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத குடும்பம் அது.

இந்தக் கொள்கை மக்கள் உயிரைக் காப்பாற்றிய இடம் இரண்டாம் உலகப்போர் கால இங்கிலாந்து. பின்னாளில் கேம்பிரிட்ஜ் பேராசிரியரான ஜான் பேக்கர் 1941-ல் வீட்டுக்குள் வைக்கும் ஒரு இரும்புக் கூண்டு வடிவமைத்தார். உள்துறை அமைச்சர் பெயரில் மாரிசன் ஷெல்டர் என்றார்கள். பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் அதற்கடியில் படுக்கை. குண்டு விழுந்து மேல்மாடி இடிந்து விழுந்தால் கூண்டு வளையும். வளையட்டும் என்றே செய்தது! வளைவதில்தான் விழும் வீட்டின் ஆற்றல் செலவாகிறது, உள்ளே இருப்பவர்கள் மேல் அது இறங்குவதில்லை. வளையாத இரும்பு செய்ய வேண்டும் என்றால் யாராலும் தூக்க முடியாத எடை வந்திருக்கும். 5 லட்சம் கூண்டுகள் விநியோகித்தார்கள்.

நம் ஊர் நெடுஞ்சாலைச் சுவர்களில் டிஎம்டி கம்பி விளம்பரத்தில் 'எஃப்இ 500டி' என்று பார்த்திருப்பீர்களே, அந்தக் கடைசி 'டி' இதே விஷயம்தான். டக்டைல். பூகம்பத்தில் அறுந்து போகாமல் நீண்டு கொடுக்கும் கம்பி. கொத்தனார் விலை சொல்லும்போது அந்த ஒரு எழுத்துக்கு எதற்கு காசு என்று யாரும் வாதம் செய்யாதீர்கள்.

சரி, பிளாஸ்டிசிட்டி இவ்வளவு மன்னிக்கும் என்றால் பழைய பாம்பன் பாலம் ஏன் ஓய்வுக்குப் போனது? இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய பாலத்தில் தகடுகளைச் சேர்த்தது ரிவெட். ரிவெட் என்றால் ஓட்டை. 1898-ல் கிர்ஷ் என்ற ஜெர்மானியர் எலாஸ்டிக் கணக்கால் காட்டியது: இழுக்கப்படும் தகட்டில் வட்ட ஓட்டை போட்டால் ஓட்டை விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. அப்படியென்றால் ரிவெட் போட்ட பாலம் எல்லாம் என்றோ கிழிந்திருக்க வேண்டும். கிழியவில்லை, ஏனென்றால் விளிம்பில் அந்தச் சின்ன இடம் மட்டும் நெகிழ்ந்து கொடுத்துப் பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். எலாஸ்டிசிட்டி பயமுறுத்திய இடத்தில் பிளாஸ்டிசிட்டி காப்பாற்றியது. ஆனால் இந்த மன்னிப்பு நின்றிருக்கும் சுமைக்குத்தான். ரயில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, லட்சக்கணக்கான தடவை அசைத்தால், எல்லைக்கு மிகக் கீழே இருக்கும் தகைவிலும் விரிசல் பிறக்கும். ஜெர்மனியில் வோலர் ரயில் அச்சுகளை வைத்து இதை 19-ம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்.

அதோடு உப்பு சேர்ந்தால்? எங்கள் மாரியூர் - வாலிநோக்கம் பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பி எவ்வளவு நாள் தாங்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டாம். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இரும்பு அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 10 மில்லிமீட்டர் தகட்டில் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துரு தின்றால் 8 மிச்சம். அதே ரயில், அதே எடை, தகைவு 25 சதவீதம் கூடிவிட்டது. காமர்ஸில் தேய்மானம் என்று வருடா வருடம் ஒரே சதவீதம் எழுதுகிறோம், துரு அப்படி நாகரிகமாக எழுதுவதில்லை. ஒரு இடத்தில் குழி போட்டு, அந்தக் குழியே விரிசலுக்கு வாசலாகிவிடும்.

2007-ல் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது, அதாவது கனமான வண்டிகள். 2018 டிசம்பரில் ஷெர்சர் பகுதியில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தினார்கள். சரிசெய்து 2019-ல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் மறுபடி நிறுத்தியதோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வழியில் இறங்கி, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் வழியாகப் பஸ்ஸில் போனார்கள். 1964 புயலுக்குப் பிறகு பாலத்தைச் சரிசெய்ய ஆனதே 46 நாள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. 18.3 மீட்டர் நீளத்தில் 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டர் பகுதி, அது பழையதைப் போல இரண்டாகப் பிளக்காமல் லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் உயரும். ரிவெட் இல்லை, முழுக்க வெல்டிங். ஓட்டை இல்லாததால் கிர்ஷின் மூன்று மடங்கு இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு வெல்டிங் தையலும் உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிட்டது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் தந்த அறிக்கையில் பாலத்தின் வடிவமைப்பு நடைமுறையையும் துருப்பிடிப்பையும் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். வேகம் 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50 என்று எல்லையும் வைத்தார். திறப்பதற்கு முன்பே துரு பற்றிக் கேட்க வேண்டி வந்ததில் கடற்கரைக்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மண்டபத்திலிருந்து வண்டி ஏறினால் ஜன்னல் வழியே பக்கத்தில் பழைய பாலத்தின் இடத்தைப் பாருங்கள். கடலுக்குள் போய் வந்த கர்டர்கள் இருந்த வரிசை அதுதான்.